தண்ணீருக்குப் போக ஒரு காரணம்

மரக்காணத்தில் உப்பு நன்றாக விளைகிற மாதங்களும் பள்ளிக்கூடம் மூடிக்கிடக்கிற மாதங்களும் ஒன்றுதான். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். சேற்றை அள்ளி, கரையை அணைத்து, தரையை மிதித்து இறுக்கி, உப்புநீரைத் தேக்குவார்கள். நீர் சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றுவார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் ஏறத்தாழ 3 பாகை. அது 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் இது வேகமெடுக்கும். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் கரைந்துபோகும் என்பதால், அந்த வெயிலில் ஒரு நாளைக்கூட யாரும் வீணாக்குவதில்லை.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் குடும்பங்களுக்கு அதே சித்திரை, வைகாசிதான் கோடை விடுமுறை. சாலையோரம் வண்டியை நிறுத்தி, வெள்ளைப் பாத்திகளையும் உப்புக் குவியல்களையும் படமெடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போவார்கள். படத்தில் தலையில் கூடையோடு வரப்பில் நடக்கும் பெண்களும் இருப்பார்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கும் அப்போது விடுமுறைதான். அந்த விடுமுறையில் தண்ணீரோரம் யார் விளையாடினார்கள், யார் விளையாடவில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. விளையாட்டு சின்ன விஷயம் என்று நாம் நினைப்பதால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கரையில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் சொல்கிறேன்.

அம்மாவின் கோடை, மாமாவின் கோடை

என் அம்மாவின் வீடு உப்பளத்தை நம்பிய வீடு. அம்மா பிறந்தது 1958இல். அம்மாவுக்கு இரண்டு வயது இளையவர் என் மாமா. ஒரே வீட்டில், ஒரே கோடையில் வளர்ந்த இருவரிடமும் பள்ளி விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டேன்.

மாமா கால்வாயைப் பற்றிப் பேசினார். பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம். 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1876-78 பஞ்சத்தின்போது அதன் ஒரு பகுதியை நிவாரண வேலையாக வெட்டினார்கள். அந்தக் காலத்துப் பஞ்ச நிவாரண வேலைகளில் பெண்களும் சிறுவர்களும் ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு மண் சுமந்தார்கள். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதன் வழியாகச் சென்னைக்குப் போன காலமும் உண்டு. மாமாவின் நினைவில் அது ஒரு நீச்சல்குளம். காலையில் குதித்தால் பசிக்கும்வரை அங்கேதான். மாலையில் மணலில் கோடு கிழித்துச் சடுகுடு. "யார் கத்துக்குடுத்தா?" என்று கேட்டேன். "தண்ணிதான் கத்துக்குடுத்துச்சு" என்றார்.

அம்மா தன் காலைக் காட்டினார். பத்து வயதில் ஆயாவோடு அளத்துக்குப் போகத் தொடங்கினாராம். வெயில் ஏறினால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசும் என்பதால் விடியலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். ஆண்கள் பலகையால் உப்பை வாரிக் கரையோரம் ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, மேட்டில் கொட்டி அம்பாரமாக்குவார்கள். சிறுமிகளுக்குச் சின்னக் கூடை. அளத்தைச் சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது. வீட்டிலிருந்து குடிநீரும் கஞ்சியும் கொண்டுபோவதும் சிறுமிகளின் வேலை. பெண்களின் கூலி ஆண்களின் கூலியைவிடக் குறைவு, சிறுமிகளின் கூலி அதிலும் குறைவு. "கால்ல தோலு இருந்தாதான ஓடியாட முடியும்? உப்புத் தண்ணியில ஊறி ஊறிப் பிஞ்சுபோயிடும்" என்றார்.

ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் தண்ணீரில் நின்றவர் என் அம்மா. ஆனால் அவருக்கு நீந்தத் தெரியாது.

அளத்திலிருந்து வந்தபின் விளையாடவே இல்லையா என்று கேட்டேன். விளையாடியிருக்கிறார். அஞ்சாங்கல், பல்லாங்குழி, தாயம், பாண்டி. இந்தப் பட்டியலை உங்கள் அம்மாக்களிடமும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இதுவே வரும். எல்லாமே ஒரு பாய் அளவு இடத்தில் அல்லது வாசல் அளவு இடத்தில் ஆடக்கூடியவை. கூப்பிட்ட குரலுக்கு நடுவிலேயே விட்டுவிட்டு எழுந்துபோகக்கூடியவை. மடியில் தம்பி தூங்கும்போதும் ஆடலாம். பெண் குழந்தைகளின் விளையாட்டு, வேலையின் இடைவெளிக்குள் அடங்கும்படி அமைந்திருந்தது.

எயிற்பட்டினத்துப் பிள்ளைகள்

இந்தக் கரையின் பழைய வரலாற்றிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளஸ் குறிக்கும் சோபட்மா துறைமுகம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் நாட்டில் வரும் எயிற்பட்டினமும் இதுவே என்பது அவர்கள் கருத்து. அந்த நூலைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த நூலில் கொற்கையைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ஒரு காட்சி வருகிறது. உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டிகளோடு, அவர்கள் வீட்டுப் பிள்ளையைப் போலவே ஒரு மந்தியும் வருகிறது. அது முத்தைக் கிளிஞ்சலுக்குள் வைத்து மூடி, உமணப் பெண்கள் பெற்ற பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. உப்புக் குடும்பத்தின் குழந்தைகள் தண்ணீர்க்கரையில் விளையாடும் காட்சி, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது.

முதலில் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு இரண்டு விஷயங்கள் உறுத்தின. விளையாடும் பிள்ளைகளைப் புலவர் 'புதல்வர்' என்கிறார். மந்தி என்றால் பெண்குரங்கு. ஆக, அந்த விளையாட்டில் பெண்குரங்குக்கு இடம் இருக்கிறது, உமணர் மகளுக்கு இடம் இருந்ததா என்று தெரியவில்லை. தாயின் இடையும் கூந்தலும் வருணிக்கப்படுகின்றன. அவள் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது சொல்லப்படவில்லை.

உமணர் மகளைத் தேடினால் அகநானூற்றில் கிடைக்கிறாள். அம்மூவனார் பாடிய 140ஆம் பாட்டில் சேரியில் உப்பு விற்றுக்கொண்டு போகிறாள், நெல்லுக்கு மாற்றாக. தலைவன் அவளைப் பார்த்து மனம் கலங்குவதுதான் பாட்டின் பொருள். நமக்குக் கிடைக்கும் செய்தி வேறு: உப்புக் குடும்பத்தின் மகன் கரையில் விளையாடும்போது மகள் தெருவில் கூவி விற்கிறாள். இரண்டும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு பாட்டு. என்றாலும் அம்மாவும் மாமாவும் சொன்ன இரண்டு கோடைகளை அருகருகே வைத்தபோது எனக்கு இந்த இரண்டு பாட்டும்தான் நினைவுக்கு வந்தன.

சங்கப் பாடல்களில் பெண்கள் விளையாடவே இல்லை என்று சொல்ல முடியாது. நெய்தல் பாட்டுகளில் சிறுமிகள் மணலில் சிறுவீடு கட்டுகிறார்கள், நண்டைத் துரத்துகிறார்கள், கடலாடுகிறார்கள். ஓரை என்பது அவர்கள் கூடி ஆடும் விளையாட்டு. பருவம் வந்ததும் இது நிற்கிறது. வீட்டுக்குள் வைத்துக் காப்பதற்கு இற்செறிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் அகத்திணை மரபு அதைத் தலைவியின் காதல் துயரத்துக்கான சூழலாக மட்டுமே பார்க்கப் பழக்கியிருக்கிறது. ஒரு சிறுமியின் விளையாட்டு ஒரே நாளில் பறிபோவது என்றும் அதைப் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்த ஒருத்தி நற்றிணையிலேயே இருக்கிறாள். 68ஆம் பாட்டில் பேசும் தோழி அவள். இளம்பெண்களை ஓரை ஆட விடாமல் வீட்டில் அடைத்துவைப்பது அறமும் ஆகாது, வீட்டின் செல்வமும் குறையும் என்று தாயிடம் பணிந்து எடுத்துச் சொல்ல ஒருவர் கிடைத்தால், அன்னை நம்மைப் புதுவெள்ளத்தில் மனம் நிறைய ஆடிவர அனுப்புவாளோ என்று ஏங்குகிறாள். தலைவனைச் சந்திப்பதற்கான சாக்கு இது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சாக்காகவே இருக்கட்டும். அந்தச் சாக்கைச் சொல்ல அவள் தேர்ந்தெடுத்த சொல் 'அறம்'. பெண் குழந்தை தண்ணீரில் ஆடுவதை அறத்தோடு சேர்த்துப் பேசிய குரல் தமிழில் அவ்வளவு பழையது.

காரணத்தோடு வரும் தண்ணீர்

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ், குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. முதல் ஏழு பருவங்கள் இருபாலருக்கும் பொது. கடைசி மூன்றில் ஆணுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிறுமிகள் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைப்பது ஆண் குழந்தையின் விளையாட்டாகவே ஓர் இலக்கணத்தில் இடம்பெற்றிருக்கிறது. இதைச் சொன்னால் என் வகுப்பு மாணவிகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு யோசிப்பார்கள்.

நீராடல் பெண்ணுக்குரிய பருவமாக இருப்பதைக் கவனியுங்கள். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் மீனாட்சி வையையில் நீராடுகிறாள். தெய்வக் குழந்தைக்கு ஆறு திறந்திருக்கிறது. மனிதக் குழந்தைக்கு?

மனிதப் பெண்ணுக்கும் தண்ணீர் மறுக்கப்படவில்லை. ஆனால் அவள் அங்கே போக ஒரு காரணம் வேண்டும். குடம் எடுக்க, துணி துவைக்க, மார்கழி நோன்புக்கு, ஆடிப்பெருக்குக்கு, மாசி மகத்தில் சாமி கடலாட வரும்போது, அளத்தில் உப்பு சுமக்க. ஆண் பிள்ளை சும்மா போகலாம். 'எங்கே போற?' என்று கேட்டால் 'தண்ணிக்கு' என்பது அவனுக்குப் போதுமான பதில். பெண்ணிடம் அடுத்த கேள்வி வரும்: 'எதுக்கு?'

அவள் சும்மா போகும் காலத்தை முடித்துவைக்கும் சடங்குக்கும் நாம் தண்ணீரின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், மஞ்சள் நீராட்டு. நீராட்டி, பட்டுக் கட்டி, வீட்டுக்குள் உட்கார வைக்கிறோம். ஆற்றுக்கும் குளத்துக்கும் கடலுக்கும் ஆடப்போவது அதோடு முடிகிறது.

உப்பு வரலாற்றிலும் இதே கதை நடந்தது. 1930 மார்ச் 12 அன்று காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டபோது உடன் நடந்த தொண்டர்களில் ஒரு பெண்கூட இல்லை. கமலாதேவி சட்டோபாத்யாய் இதை எதிர்த்து வாதாடினார். ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் புறப்பட்டார். அந்த வேதாரண்யப் போராட்டத்தில் ருக்மிணி லட்சுமிபதி கைதாகி ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். மே மாதம் தராசனாவில் சரோஜினி நாயுடு தலைமை தாங்கினார். பெண்கள் கடற்கரைக்கு வருவதற்கு இம்முறை தேசம் காரணமாக இருந்தது. அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே சித்திரை வெயிலில் இந்தக் கரையின் அளங்களில் உப்பு சுமந்த பெண்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2004, ஒரு ஞாயிற்றுக்கிழமை

இதுவரை சொன்னதை விளையாட்டு உரிமை பற்றிய பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

சுனாமி நடந்து மூன்று மாதங்களில், 2005 மார்ச்சில், ஆக்ஸ்பாம் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று அந்த அறிக்கை கணக்குக் காட்டியது. தேவனாம்பட்டினத்தில் 42 பெண்கள், 21 ஆண்கள். பச்சாங்குப்பத்தில் இறந்தவர்கள் எல்லோருமே பெண்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 2,406 பெண்கள், 1,883 ஆண்கள். அலைக்கு ஆண் பெண் தெரியாது. கரைக்குத் தெரியும்.

காரணங்கள் பல. ஆழ்கடலில் இருந்த ஆண்களின் படகுக்கு அடியில் அலை கடந்துபோனது. பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிள்ளைகளைத் தேடி மறுபடி உள்ளே ஓடினார்கள். சேலை காலைச் சுற்றியது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே கற்றுத்தரப்படுகிறது என்று இலங்கையைப் பற்றிச் சொல்லும்போது அறிக்கை குறிப்பிட்டது. நம் கரைக்கும் அது பொருந்தும் என்று சொல்ல ஆய்வாளர் வரவேண்டியதில்லை.

நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அலையில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் போனார்கள். ஆனால் மாமாவுக்குத் தண்ணீர் கோடைதோறும் இலவசமாகக் கற்றுக்கொடுத்தது மூச்சை அடக்குவது, மிதப்பது, இழுப்போடு போய்ப் பக்கவாட்டில் கரையேறுவது, பயப்படாமலிருப்பது. இதை விளையாட்டு என்ற பெயரில் ஒரு பாதி மக்களுக்குக் கொடுத்து, மறு பாதியை வீட்டில் வைத்திருந்தோம். அந்தக் கணக்கில் ஒரு பகுதி அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது.

கூட்டிக்கொண்டு போனவர்கள்

பெண்ணுடலுக்கு நீச்சல் வராது என்பவர்களுக்குப் பதில் பாம்பன் பக்கமே இருக்கிறது. அங்கே கடற்பாசி எடுக்கும் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசி பறிக்கிறார்கள். கொரியாவின் ஜேஜு தீவில் முத்துக்குளிப்பவரைப் போல மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்களின் மரபை 2016இல் யுனெஸ்கோ பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. பிழைப்புக்கென்றால் பெண் மூழ்கலாம் என்று எல்லாச் சமூகங்களும் ஒப்புக்கொள்கின்றன.

சும்மா விளையாடப் போனவர்களின் வரலாற்றைப் பார்த்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் சார்பில் முதன்முதலாகக் கலந்துகொண்ட பெண்கள் நால்வர். மேரி டிசூசாவும் நீலிமா கோஷும் ஓடினார்கள். டாலி நசீரும் ஆரத்தி சாஹாவும் நீந்தினார்கள். ஆரத்திக்கு அப்போது வயது 11. நான்கு வயதில் சித்தப்பாவோடு கொல்கத்தாவின் படித்துறைக்குக் குளிக்கப் போய் நீந்தக் கற்றவர் அவர். 1959 செப்டம்பர் 29 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனார்.

நம் கரையிலேயே இன்னொருவர் இருக்கிறார். மாமல்லபுரத்து மீனவக் குப்பத்தைச் சேர்ந்த கமலி மூர்த்தி. தனியாளாக வளர்த்த தாய் மகளைச் சறுக்குப்பலகையிலும் அலைப்பலகையிலும் ஏறவிட்டார். ஊர் பேசியது, தாய் விடவில்லை. அந்தத் தாயையும் மகளையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கமலி பின்னர் தேசிய அலைச்சறுக்குப் போட்டிகளில் பட்டம் வென்றார். மகள் அலைமேல் நிற்கும் படம்தான் எல்லோருக்கும் தெரியும். கரையில் நின்று ஊர்க்காரர்களின் 'எதுக்கு?' என்ற கேள்வியைத் தன்மேல் வாங்கிக்கொண்டவர் தாய்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். ஒரு கோடையில் என் மகளும் தம்பி மகனும் ஊருக்கு வந்திருந்தார்கள். இருவருக்கும் பன்னிரண்டு வயது. பையன் காலையில் கபடிப் பயிற்சிக்குப் போனான். மகள் திண்ணையில் இருந்தாள். மூன்றாம் நாள் அம்மா மாமாவைக் கூப்பிட்டு, "உனக்குத் தெரிஞ்சத இவளுக்குக் கத்துக்குடு" என்றார். ஊருக்கு உள்ளே தெரிந்தவர் வயலில் ஒரு கிணறு. இடுப்பில் கயிறும் காலி பிளாஸ்டிக் கேனும் கட்டி மாமா இறக்கினார். அம்மா மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் கேன் போனது, பத்து நாளில் கயிறு போனது.

மூன்றாவது வாரம் மகள் வயதுக்கு வந்தாள். உறவுகள் தேதி குறிக்க வந்தார்கள். வழக்கப்படி கிணறு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அம்மா ஐந்து நாள் அவளை ஓய்வாக வைத்திருந்தார். ஆறாம் நாள் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பெரியவளானப்புறம் எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்று அத்தை கேட்டார். "பெரியவளானப்புறம்தான் தண்ணி வராதா?" என்று அம்மா கேட்டார். சடங்கு நடந்தது, கோடை முடிந்தபிறகு. அதற்குள் மகள் கழிமுகத்தில் மாமாவோடு அக்கரைக்கு நீந்திப் போய்வந்திருந்தாள்.

இதை ஒரு வீட்டின் வெற்றிக்கதையாக முடிக்க எனக்கு விருப்பமில்லை. கிணறு இருந்தது, கற்றுக்கொடுக்க மாமா இருந்தார், அம்மாவுக்கு அன்றைய கூலியை விட்டுவிட்டு வரப்பில் உட்கார முடிந்தது. இப்போதும் உப்பு வாரும் வீட்டுச் சிறுமிக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பதில்லை. மே மாதம் நடக்கும் கோடைகாலப் பயிற்சி முகாம்களின் வரிசையில் கடலோரச் சிறுமிகளுக்கான நீச்சலும் இருக்க வேண்டும். பெண் பயிற்சியாளரோடு, உடை மாற்ற ஓர் அறையோடு, மாதவிடாய் நாட்களுக்கான ஏற்பாட்டோடு. பேரிடர்த் தடுப்பு என்று சைரனுக்கும் பல்நோக்குக் கட்டடத்துக்கும் செலவிடும் ஊரில் இது பெரிய செலவில்லை.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் மூத்த பெண்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வயதுவரை தண்ணீரில் விளையாடினீர்கள்? எந்த நாளோடு நின்றது? நிறுத்தியது யார்? பதிலைத் தேதியோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். அளத்துக்கும் கோயிலுக்கும் கால்வாய்க்கும் ஆவணம் இருக்கிறது. பெண்களின் விளையாட்டுக்கு இந்தப் பதில்கள்தான் ஆவணம். மூன்றாவது கேள்விக்கு என் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நிறுத்தல. யாரும் ஆரம்பிக்கவே விடல" என்றார். என் குறிப்பேட்டில் முதல் பதிவு அது.